அடிக்கிறவன் ஆடக் கூடாது

"எல்லாருக்கும் வந்துச்சு தாயி. எனக்கு மட்டும் வரல."

சன்னாசி இதைச் சொன்னபோது ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து சிக்கிக்கிடந்த ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன வரல?"

"சாமி."

அவள் ஒரு ஒயரை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"உக்காருங்க அய்யா."

உட்கார ஒரு மர ஸ்டூல் இருந்தது. மற்றபடி அந்த இடம் முழுக்கப் பெட்டிகளும் ஆள் உயர ஸ்பீக்கர்களும்தான். போடியில் ஒரு காலத்தில் ஏலக்காய் தரம் பிரித்த கிடங்கு அது. பாதியைச் சுவர் வைத்து மறித்து அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மறுபாதியில் இப்போதும் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். சுவர் எழுப்பியவர்களால் வாசனையை மறிக்க முடியவில்லை.

ஜெசிந்தா சத்தம் செய்பவள். பாட்டு என்றால் பாட்டு இல்லை, மேளம் என்றால் மேளம் இல்லை. மின்சாரப் பெட்டிகளைத் திருகித் திருகி, குறி சொல்லும் கோடாங்கிகளும் பூசாரிகளும் சாமி அழைக்கிற அடிகளிலிருந்து அவள் ஒன்றைச் செய்தாள். எங்கெங்கோ இருப்பவர்கள் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கினோம் என்று எழுதுவார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்.

சன்னாசிக்கு அவளைவிட முப்பது வயது கூட. பேர்தான் சன்னாசி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தவர். சுற்றுவட்டாரத்தில் உடுக்கை என்றால் அவர்தான். தூக்கம் போனவள், பேச்சு நின்றவன், டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியும் எழுந்திருக்காதவர்கள், எல்லோருக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் அடிப்பார். நோயாளிக்குச் சாமி வரும். ஆடும், அழும், சொல்ல வேண்டியதைச் சொல்லும். பிறகு அவர் அடியை மெல்ல மெல்ல இறக்குவார். சாமி மலையேறிவிடும்.

கண் விழித்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்.

"நான் என்ன சொன்னேன்?"

ஒருவருக்கும் ஒன்றும் நினைவிருக்காது. சாமி வந்தால் அப்படித்தான். சன்னாசி ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்து, எல்லோருக்கும் சொல்வதையே சொல்வார்.

"நல்லதுதான் சொன்ன. தண்ணி குடி."

அது முறை. இன்னொரு முறையும் உண்டு. உடுக்கையைக் கையில் கொடுத்த அன்றே அவருக்குச் சொன்னது. அடிக்கிறவன் ஆடக் கூடாது. இரண்டு பேரும் போய்விட்டால் கூட்டிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள்?

அவர் ஆடவில்லை. கடைசிவரை ஆடவில்லை.

போன தையில் வலது பக்கம் வாதம் விழுந்தது. கால் ஒருவழியாகத் திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை.

"கை போச்சு. போகட்டும்" என்றார் சன்னாசி. "கையோட அந்தச் சட்டமும் போச்சுல்ல? இனிமே நான் ஆடலாம்ல?"

"ஆடலாம்."

"அடிக்க ஆளு வேணும்."

"ஊருக்கு ஊரு இருக்காங்களே."

"இருக்கானுக. கல்யாண மண்டபத்துல சோறு எறங்குறதுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறானுக. உன்கிட்ட என் அடி இருக்கே தாயி. அன்னைக்குப் புடிச்சுட்டுப் போனியே. வச்சிருக்கியா, அழிச்சுப்புட்டியா?"

ஜெசிந்தா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

அவள் பதிவு செய்தது ஒரு கோயில் கொடையின்போது. முடிந்ததும் அவர் முன்னால் வந்து, எனக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டாள். கழுத்தில் கிடந்த சிலுவையை அவர் பார்த்தார். வேதக்காரப் பிள்ளை, அதிலும் பொம்பளப் பிள்ளை, உனக்கு உடுக்கை எதுக்கு என்று ஊர் சிரிக்கக் கேட்டார். அவள் மெஷினை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அன்னைக்கு உனக்கு நான் சொல்லித் தரல" என்றார்.

"ஆமா."

"இன்னைக்கு நான் உன் வாசல்ல வந்து நிக்கிறேன்."

"உக்காருங்கன்னுதானே சொன்னேன்."

அவர் உட்கார்ந்தார்.

அவள் ஒரு பெட்டியை முடுக்கினாள். ஸ்பீக்கரிலிருந்து உடுக்கை புறப்பட்டது. அவருடைய கைதான். அவருடைய அந்தக் காலத்துக் கை. செத்துப்போனவன் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டது போல இருந்தது.

எழுந்தார். துண்டை ஒரு கையால் இடுப்பில் சுற்றிச் செருகினார். மடியிலிருந்து வேப்பிலையை எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

ஜெசிந்தா அவருடைய இடது பக்கத்தில் ஸ்டூலை நகர்த்தி, அதன்மேல் ஒரு சின்ன இரும்புப் பெட்டியை வைத்தாள். அதில் ஒரே ஒரு திருகு.

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"இது என்னாது?"

"திருகுனா சத்தம் இறுகும். விட்டாத் தளர்ந்து எறங்கும்."

உடுக்கையில் வலது கை அடிக்கும். இடது கை அதன் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கும். அழுத்தினால் அது அழும், விட்டால் முனகும். இடது கையின் வேலையை ஒரு திருகில் வைத்திருக்கிறாள் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"நான் அடிக்க வரல" என்று பெட்டியைத் தள்ளிவைத்தார். "ஆட வந்தேன்."

வெகுநேரம் நின்றார். உடுக்கை முழங்கியது. கண்ணைத் திறந்து தலையை ஆட்டினார்.

"மூணாவது சுத்துல விரல் நழுவியிருக்கு. அங்கிட்டு ஒருத்தன் இருமுறான். அடுத்த அடி இன்னதுன்னு எனக்குத் தெரியுதே தாயி. தெரிஞ்ச அடிக்கு எப்புடி ஆடுறது?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"நக்கலா?"

"போயிட்டு வாங்க அய்யா."

வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். பக்கத்துக் கிடங்கில் காய் பொறுக்கும் லோகமணி.

"ஏம்மா, என்ன சத்தம் இது? சுவரத் தாண்டி வந்து என் அடிவயித்துல உக்காருது. வேலை பாக்க வேணாமா நாங்க?"

கத்திவிட்டு அவள் போனாள். அவள் எப்போதும் கத்துபவள்தான். அவள் புருஷன் ஏலத்தோட்டத்து ஜீப்போடு போடிமெட்டுப் பள்ளத்தில் விழுந்து செத்தவன். அவள் அழுததை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பிணத்தைக் கொண்டுவந்தபோதுகூட வண்டி டிரைவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாளாம்.

*

சன்னாசி மறுபடியும் வந்தார்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்கிற கதையால்ல இருக்கு. வேற ஏதாச்சும் போடு தாயி. எனக்குத் தெரியாததாப் போடு."

ஜெசிந்தா வேறொன்றைப் போட்டாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தார். பிறகுதான் நெஞ்சுக்கூடு அதிர்வது தெரிந்தது. தூரத்தில் யாரோ எதையோ அடிக்கிறார்கள். அடி தெரியவில்லை, அடியின் கனம் மட்டும் தெரிகிறது. நடுவில் ஒரு முனகல், நிற்காமல்.

பெட்டியைக் கொண்டுவந்து அவருடைய இடது கைப் பக்கம் வைத்தாள். அவர் தள்ளிவைத்தார்.

நின்றார். காத்திருந்தார். கடைசியில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு. கால் மரமரப்பு."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் சிறுத்துப்போனது.

"நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா ஏன் இப்புடி அமுங்கிக் கெடக்கு? தெளிவா வச்சா என்ன?"

"நான் கேட்டது அப்படித்தான். ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

"எந்த ஜன்னலு?"

"எங்க ஊர்ல மாதா கோயில் தெருவுக்குப் பின்னாடிதான் உங்க கோயில். உடுக்கை ஆரம்பிச்சதுமே எங்கம்மா ஜன்னலச் சாத்திருவாங்க. கையில ஜெபமாலையக் குடுத்து, நீ ஜெபம் சொல்லுடீன்னுவாங்க. நான் மாலைய உருட்டிக்கிட்டே அதைத்தான் கேட்டேன்."

"அம்மாட்ட சொல்லலயா?"

"இன்னும் சொல்லல." ஒரு ஒயரை விரலில் சுற்றினாள். "அப்போ கேட்ட சத்தத்தத்தான் இத்தனை வருசமா செஞ்சுக்கிட்டிருக்கேன். கிட்டத்துல வந்துருச்சு. முழுசா வர மாட்டேங்குது."

"ஜன்னலத் தெறந்து கேட்டா முழுசா வந்துட்டுப் போகுது."

"தெறந்தும் கேட்டேன் அய்யா. உங்க முன்னாடியே வந்து உக்காந்து கேட்டேன். அது வேற சத்தம்."

வயதில் சின்னவள், வேதக்காரி, பெட்டிகளோடு மல்லுக்கட்டுபவள். அவளுக்கும் எட்டாத ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லத் தோன்றியது.

"பவுனுத்தாயிக்கு ஒரே ஒருக்கா வந்துச்சு."

"யாரு?"

"எம் பொண்டாட்டி. ஆடுறவுகளப் பாத்தா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. அவளுக்கு இதெல்லாம் ஆகாது. எங்களுக்கு மூத்தது தங்கல. பெத்து, பேரு வச்சு, போயிருச்சு. அதுக்கப்புறம் அவ சோறு திங்கல. பேசல. ஊருக்கெல்லாம் அடிக்கிறியே, உன் பொண்டாட்டிக்கு அடிக்க மாட்டியான்னு எங்கய்யா வஞ்சாரு. அடிச்சேன்."

"வந்துச்சா?"

"எந்திரிச்சா." சன்னாசி இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்புட்டு அழகா இருந்தா தாயி. அப்புடி ஒரு முகத்த அதுக்கு முன்னாடியும் நான் பாக்கல, பின்னாடியும் பாக்கல. ஆடிக்கிட்டே எம் முன்னாடி வந்து நின்னு கைய நீட்டுனா. வா, நீயும் வான்னா."

சுவருக்கு அந்தப் பக்கம் ஏலக்காயைச் சல்லடையில் போட்டு ஆட்டும் ஓசை கேட்டது.

"கையில உடுக்கை இருந்துச்சு" என்றார். "நான் போகல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ ஆடுனா."

"நீங்க என்ன அடிச்சீங்க?"

"என்னத்தயோ அடிச்சேன். அதெல்லாம் யாரு நெனப்பு வச்சா?"

"அந்தப் பதிவுல மூணாவது சுத்துல விரல் நழுவுனது தெரிஞ்சுச்சே உங்களுக்கு."

"அது முன்னாடி ஓடுச்சு, கேட்டேன். இது எந்தக் காலத்துக் கதை." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அவளப் பத்திச் சொல்றேன், நீ அடியப் பத்திக் கேக்குறியே!"

ஜெசிந்தா இரும்புப் பெட்டியை எடுத்து அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"கண்ணு முழிச்சா. நான் என்ன சொன்னேன்னு கேட்டா. எல்லாருக்கும் சொல்றதத்தான் சொன்னேன். நல்லதுதான் சொன்ன, தண்ணி குடின்னேன். குடிச்சா. மறுநா சோறு தின்னா. அதுக்கு மேல ரெண்டு புள்ள பெத்து வளத்து எல்லாம் பண்ணா. வான்னு கூப்புட்டியே, நான் வரலியேன்னு அவகிட்ட நான் கடைசி வரைக்கும் சொல்லல. போன ஆடிக்கு முந்துன ஆடியில போயிட்டா."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ அன்னைக்கு நின்ன எடம் எதுன்னு ஒருவாட்டி பாத்துரணும். அம்புட்டுத்தான் தாயி. பாத்துட்டாப் போதும்."

பெட்டி அவர் பக்கத்திலேயே கிடந்தது. போகும்போது காலில் தட்டியது. தாண்டிப் போனார்.

*

மூன்றாம் முறையும் வந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இடுப்பில் துண்டு செருகி, பட்டினியாக வந்திருந்தார்.

"இன்னைக்கு வரலன்னா இனிமே வரல தாயி. ஆசைக்கும் ஒரு அளவு இருக்குல்ல."

பார்க்கவே பாவமாக இருந்தது. ஜெசிந்தாவும் அன்றைக்குக் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. அதை அவள் சொல்லவில்லை.

அவருடைய உடுக்கைப் பதிவை எடுத்து, தன்னுடைய சாத்திய ஜன்னல் சத்தத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். தெரிந்த அடி தெரியாத தூரத்திலிருந்து வந்தது. மெஷினை அது தானாகவே ஏறிக்கொண்டு போகும்படி முடுக்கிவிட்டாள். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று கொஞ்சம் வேகம், கொஞ்சம் கனம்.

பெட்டியை ஸ்டூலில் வைத்து அவருடைய இடது பக்கம் நகர்த்தினாள்.

"நீயும் விட மாட்ட" என்றார். தள்ளி வைக்க மறந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வா, நீயும் வா.

கூரைத் தகரம் அதிர்ந்தது. இடது கையில் வேப்பிலை சலசலத்தது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். நெஞ்சுக்குள்ளிருந்து புறப்பட்டுப் பல்லிடுக்கில் வருகிற மூச்சு. வந்துவிட்டது என்று நினைத்தார். தனக்குத்தான் என்று நினைத்தார்.

கண்ணைத் திறந்தார்.

வாசலுக்கு உள்ளே லோகமணி நின்றிருந்தாள். திட்டத்தான் வந்திருக்க வேண்டும். வாய் பாதி திறந்தபடி இருந்தது. கையிலிருந்த டீ வாளி உருண்டு தரையெல்லாம் டீ. அவளுடைய வலது குதிகால் தரையைக் குத்திக்கொண்டிருந்தது.

சன்னாசிக்கு அழுகை வந்தது. இவளுக்கா? இந்தச் சண்டைக்காரிக்கா? குளிக்காமல், கேட்காமல், திட்ட வந்தவளுக்கு வந்துவிட்டது. பட்டினி கிடந்தவன் மறுபடியும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

லோகமணி ஆடத் தொடங்கினாள்.

கொண்டை அவிழ்ந்தது. சுற்றினாள். கிடங்கின் நடுவில் கூரையைத் தாங்கிய இரும்புத் தூண் இருந்தது. அவள் தோள் அதில் உரசியது. அடுத்த சுற்றில் இன்னும் நெருங்கினாள். மெஷின் ஏறிக்கொண்டே போனது. அதற்கு அவளைத் தெரியாது. தூணையும் தெரியாது.

"கொறை தாயி! அவ கால் தாங்காது!"

"இது தானா ஏறத்தான் ஏறும் அய்யா. நிறுத்தட்டுமா?" ஜெசிந்தாவின் கை சுவிட்சில் இருந்தது.

"ஐயோ, அறுத்துறாத! பாதியில அறுத்தா அவ அங்கயே மாட்டிக்கிருவா. மெல்லக் கூட்டிட்டு வரணும்!"

ஜெசிந்தா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பக் கூட்டிட்டு வாங்க."

சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள். அவளுக்கும் பயமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

சன்னாசி லோகமணியின் காலைப் பார்த்தார்.

வேப்பிலை கீழே விழுந்தது. இடது கை திருகின் மேல் போய் உட்கார்ந்தது.

*

லோகமணி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அழுதுகொண்டிருந்தாள். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, மழை பெய்வது போல ஒரே சீராக அழுதாள். புருஷன் பேரைச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள்.

ஸ்பீக்கரில் ஒரு முனகல் மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் மெல்ல மெல்ல அடங்கியது.

சன்னாசி ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். வேட்டியும் சட்டையும் மழையில் நனைந்தது போல உடம்போடு ஒட்டியிருந்தன. தொண்டை கட்டியிருந்தது. இடுப்பில் செருகிய துண்டைத் தேடினார். அது தூரத்தில் ஒரு ஸ்பீக்கரின் மேல் கிடந்தது.

கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில், அவர் கண்ணை மூடியபோது தூணடியில் இருந்தது. இப்போது எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது.

வாசலில் காய் பொறுக்கும் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். லோகமணியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தார். அவள் பார்த்தது லோகமணியை அல்ல.

ஜெசிந்தா சுவரோரம் அப்படியே நின்றிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் கேட்டதை மறுபடியும் கேட்டுவிட்டவளின் முகம் அது.

லோகமணி அழுகையை நிறுத்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். தரையில் கொட்டிக் கிடந்த டீயைப் பார்த்தாள். பிறகு சன்னாசியைப் பார்த்தாள்.

"அய்யா, நான் என்ன சொன்னேன்?"

பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வாயைத் திறந்தார்.

ஒன்றுமில்லை. அவள் காலைப் பார்த்தது நினைவிருந்தது. திருகின் மேல் கை வைத்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகு வெயில் சுவரில் இருந்தது.

ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"தாயி, நான்..." எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடியும் கேட்டார். "நான் என்ன பண்ணேன்?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவர் காதில் விழுந்தது.

ஜெசிந்தா மூலையில் இருந்த குடத்திலிருந்து இரண்டு டம்ளரில் தண்ணீர் மொண்டாள். ஒன்றை லோகமணியிடம் கொடுத்தாள். இன்னொன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நல்லதுதான் பண்ணீங்க. தண்ணி குடிங்க."

அவர் டம்ளரை வாங்கவில்லை.

"அப்ப, அன்னைக்கு அவ வான்னு கூப்புட்டப்ப... அன்னைக்கு அடிச்சதும் எனக்கு நெனப்பில்லயே..."

ஜெசிந்தா டம்ளரை அவருடைய இடது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தாள்.

"குடிங்க அய்யா."

சன்னாசி குடித்தார்.